பந்தல் பிரித்த பிறகு: தெரு ஜெபக்குழு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கும் கருங்கலுக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் தெருவில் 14 வீடுகள் சேர்ந்து நடத்தும் ஜெபக்குழுவுக்கு இது 11-ஆவது வருடம். சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை), ரோமன் கத்தோலிக்கர், இரட்சணிய சேனை, லுத்தரன், பெந்தெகொஸ்தே எல்லாரும் உண்டு. நான் சி.எஸ்.ஐ., பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். பக்கத்து ஊர்களில் இதுபோலத் தொடங்க நினைப்பவர்கள் போனில் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் சொன்னதையே சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன்.

இதை எதற்காகத் தொடங்கினீர்கள்?

தெருவில் ஒரு சாவு நடந்தது. ரப்பர் பால் வெட்டப் போகிறவர், 50 வயதுகூட ஆகவில்லை. நம் பக்கத்துச் சாவு வீடு எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அரை மணி நேரத்தில் பந்தல் வந்தது, நாற்காலி வந்தது, குழி வெட்ட ஆள் போயாயிற்று, ஒரு வீட்டில் கஞ்சிக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தார்கள். ஐயர் (சி.எஸ்.ஐ. போதகர்), சாமி (கத்தோலிக்கக் குரு), பாஸ்டர் (பெந்தெகொஸ்தே), மேஜர் (இரட்சணிய சேனை) என்று நான்கு பெயரில் கூப்பிடப்படுகிற நான்கு பேர் ஒரே பந்தலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் அந்த வழியாகப் போனேன். பந்தலைப் பிரித்துக்கொண்டு போயிருந்தார்கள். கம்பு நாட்டிய குழிகள் முற்றத்தில் அப்படியே கிடந்தன. அவருடைய மனைவி காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தாள். "பிள்ளை விழுந்திரும் டீச்சரே" என்றாள். குழி வெட்ட அத்தனை பேர் இருந்தார்கள், குழி மூட ஒரு ஆள் இல்லை. அது என் மனதில் கிடந்து உறுத்தியது. மூன்று நாள் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று நான்காம் நாள் மறந்துபோவது ஏன் என்று நான்கைந்து பேர் பேசத் தொடங்கினோம். குழு அதிலிருந்து வந்தது.

ஒற்றுமை என்றால் எல்லாரும் ஒரே சபையாக வேண்டுமா?

வேண்டாம். அது நம் கையில் இருக்கிற காரியமும் இல்லை. தென்னிந்திய திருச்சபை 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், ஏற்கெனவே இணைந்திருந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் சபைகளும் ஒன்றாயின. நம் மாவட்டத்தின் எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சங்கம்) சபைகள் அப்படித்தான் சி.எஸ்.ஐ. ஆயின. அதற்கான பேச்சு 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கியது. 28 வருடம் ஆயிற்று. படித்த பெரியவர்கள் உட்கார்ந்து பேசியே அத்தனை வருடம் என்றால், தெருவில் இருக்கிற நாம் அதில் இறங்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரவர் ஆலயத்துக்குப் போகிறோம். திருவிருந்து, நற்கருணை எல்லாம் அவரவர் சபையில்தான். வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் ஒன்றாக உட்காருகிறோம்.

நம் மாவட்டத்தில் மட்டும் ஏன் இத்தனை சபைகள்?

ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் வந்தார்கள். திருவிதாங்கோட்டில் இருக்கிற பழைய ஆலயமான அரப்பள்ளியை இயேசுவின் சீடர் தோமாவோடு சேர்த்துச் சொல்லும் மரபு இருக்கிறது. சவேரியார் 1544-இல் இந்தக் கடற்கரையில் ஞானஸ்நானம் கொடுத்தார். 1806-இல் எல்.எம்.எஸ். மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார்; அதற்கு முன்பே தஞ்சாவூர் வரை போய் ஞானஸ்நானம் பெற்றுவந்து அவருக்காகக் காத்திருந்தவர் மயிலாடி வேதமாணிக்கம். இரட்சணிய சேனை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், மிசௌரி லுத்தரன் மிஷன் 1907-இல். கத்தோலிக்கரிலேயே கோட்டாறு (1930), குழித்துறை (2014) என்று இரண்டு லத்தீன் மறைமாவட்டங்கள், மார்த்தாண்டத்தில் மலங்கரை, தக்கலையில் சீரோ மலபார். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் ஏறக்குறைய 47 விழுக்காடு கிறிஸ்தவர்கள். ஒரு சந்திப்பில் நின்றால் நான்கு கோபுரம் தெரிகிற ஊர்கள் நம்மிடம் உண்டு. காலையில் நான்கு மைக்கும் ஒன்றாகப் பாடும்போது என்ன ஆகும் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

எத்தனை பேர், எப்போது, எவ்வளவு நேரம்?

ஏழெட்டு வீடு போதும். பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தலையில் லைட் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போக வேண்டும். அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) போகும் பெண்கள் சாயங்காலம் வந்துதான் அடுப்பு பற்றவைப்பார்கள். ஆகவே 7 மணிக்குத் தொடங்கி 8 மணிக்கு எழுந்துவிட வேண்டும். பெரிய பிரசங்கம் வேண்டாம். ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, அவரவர் சொல்கிற காரியம், ஜெபம். பிரசங்கம் கேட்க வேறு இடம் இருக்கிறது.

மைக் கூடாது. இது எங்கள் தெருவின் முதல் சட்டம்.

எந்த பைபிளை வாசிப்பது? எப்படி ஜெபிப்பது?

இந்தக் கேள்வியில் பாதிக் குழுக்கள் நின்றுவிடுகின்றன. சபையார் வீட்டில் இருப்பது பழைய மொழிபெயர்ப்பு, 66 புத்தகங்கள். கத்தோலிக்கர் வீட்டில் இருப்பது 73 புத்தகங்கள் கொண்ட திருவிவிலியம். அந்தப் பொது மொழிபெயர்ப்பே கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்து 1995-இல் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. நாங்கள் பகுதியை மட்டும் சொல்லிவிடுவோம். ஒருவர் ஒரு புத்தகத்திலிருந்தும் இன்னொருவர் மற்றதிலிருந்தும் வாசிப்பார்கள். ஒரே வசனத்தை இரண்டு தமிழில் கேட்கும்போது, இத்தனை நாள் கவனிக்காத சொல் ஒன்று காதில் விழும்.

பெயர்களில் கொஞ்சம் தடுமாற்றம் வரும். தெருவில் வயதான கத்தோலிக்கப் பாட்டி ஒருத்தி இன்னும் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்றுதான் சொல்வாள். எங்கள் பிள்ளைகள் அவர்கள் யாரோ உள்ளூர்ப் பெரியவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பேதுரு, பவுல், யோவான்தான் என்று தெரிந்த அன்று ஒரே சிரிப்பு.

கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது கவனித்தால் ஒரு வேடிக்கை நடக்கும். ஒரு பக்கம் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே", மறுபக்கம் "விண்ணுலகிலிருக்கிற எங்கள் தந்தையே". கடைசியில் அவர்கள் "ஆமென்" என்று நிறுத்தியிருப்பார்கள். நாம் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று போய்க்கொண்டிருப்போம். முதலில் இதைச் சரிசெய்யப் பார்த்தோம். பிறகு விட்டுவிட்டோம். இப்போது அவர்கள் முடித்துவிட்டு நாங்கள் முடிக்கும் வரை கண் மூடி இருக்கிறார்கள்.

ஜெபமாலை சொல்லுகிற வீட்டுக்கு அக்டோபரில் நாங்கள் போய் உட்காருவோம். சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. பெந்தெகொஸ்தே வீட்டில் அந்நியபாஷையில் ஜெபிப்பதும் அப்படித்தான். ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா என்ற பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது. இரண்டாம் வருடத்தில் ஒரு மழைநாளில் யாரோ எடுத்துவிட்டார்கள். ஒன்பதரை மணி வரை போயிற்று, மூன்று வாரம் கூட்டமே இல்லை.

ஜெப விண்ணப்பம் வெளியே போய்விட்டால் என்ன செய்வது?

இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தவறைச் செய்தவள் நான்.

நான்காம் வருடம். ஒரு அக்காள் தன் மகளின் குடும்ப வாழ்க்கை பற்றி ஒரு பாரத்தைச் சொன்னாள். மாப்பிள்ளை கைநீட்டுகிறான், பெண் திரும்பி வந்துவிடுவாள்போல இருக்கிறது, ஜெபியுங்கள் என்றாள். அழுதுகொண்டே சொன்னாள், நாங்களும் அழுதோம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்துப் பெண்கள் கூட்டத்தில் விண்ணப்பம் கேட்டபோது நான் எழுந்து, "எங்க தெருவுல ஒரு பிள்ளைக்கு…" என்று தொடங்கினேன். பெயர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை, தெருவில் அந்த வருடம் கட்டிக்கொடுத்தது ஒரே ஒரு பெண்ணைத்தான். புதன்கிழமை அந்த அக்காள் அண்டி ஆபீசில் பருப்பு உடைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருந்தவள், "மருமகன் எப்படி, இப்போ சரியா இருக்கானா?" என்று கேட்டிருக்கிறாள்.

அடுத்த வியாழக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஏழு மாதம் வரவில்லை. என்னை வழியில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போவாள். எனக்கோ, நான் ஜெபத்துக்குத்தானே சொன்னேன், புறணியா பேசினேன் என்ற வீம்பு. காணிக்கையைப் பலிபீடத்தில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இருக்கிறதே, அந்தப் பகுதியை ஒரு நாள் கூட்டத்தில் நானே வாசிக்க வேண்டி வந்தது. பாதியில் எனக்குக் குரல் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் போனேன். பின்வாசலில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "தப்பு என் மேலதான், பொறுத்துக்க அக்கா" என்றேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. கிழங்கின் தோல் கீறிக் கீறி விழுந்துகொண்டிருந்தது. பிறகு, "எனக்க காரியம் எனக்க முன்னாடி ரோட்டுல போயாச்சு, டீச்சரே. நான் அது பின்னாடி நடந்துட்டு இருக்கேன்" என்றாள். அதன்பிறகு, "இரி" என்றாள். கிளம்பும்போது ஒரு மூட்டு கிழங்கு கொடுத்துவிட்டாள். குழுவுக்கு வர இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இது: சொன்னவர் "இதை வெளியே சொல்லலாம்" என்று வாயால் சொன்னாலொழிய எந்த விண்ணப்பமும் வாசல்படி தாண்டாது. போதகரிடம்கூட. வீட்டுக்காரரிடம்கூட. பெயர் சொல்லாமல் சொல்வதும் நம் ஊர்களில் பெயர் சொல்வதுதான். வாட்ஸ்அப்பில் விண்ணப்பம் போடுவது அறவே கிடையாது. அங்கே கூட்ட நேரமும் இடமும் மட்டும் வரும். "குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்று யாக்கோபு எழுதியது, கேட்கிறவர் வாயை அடக்கிக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான்.

ஒரு விலக்கு உண்டு. அடி, உயிராபத்து, பிள்ளைகளுக்குத் தீங்கு என்றால் ஜெபத்தோடு நிறுத்தக் கூடாது. அந்தப் பெண்ணை அழைத்துப்போய் உரிய இடத்தில் சொல்ல உடன் நிற்க வேண்டும். "பொறுத்துப் போ மக்களே" என்று சொல்லி அனுப்புவது ஆலோசனை இல்லை. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நாம் பல பெண்களைக் கெடுத்திருக்கிறோம்.

பண உதவி செய்யலாமா?

செய்யலாம். கடன் மட்டும் கூடாது. கடன் வாங்கியவர் திருப்பிக் கொடுக்க முடியாத வாரத்தில் கூட்டத்துக்கு வரமாட்டார், பிறகு எப்போதுமே வரமாட்டார். பணத்தோடு ஆளும் போய்விடும். கொடுத்தால் கொடுத்ததுதான்.

பணம் சேர்க்க நாங்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலயத்தில் போடும் பிடி அரிசி வழக்கம் நம் பாட்டிமார் ஆலயத்துக்காகச் செய்தது. அதையே தெருவுக்காகச் செய்கிறோம். மாதக் கடைசியில் அரிசியாகவே தேவைப்பட்ட வீட்டுக்குப் போகும். யார் வீட்டு அரிசி என்று தெரியாது. புழுங்கலும் பச்சரிசியும் ரேஷன் அரிசியும் கலந்து கிடக்கும், சோறு ஒரு பதமாக வேகாது என்பது மட்டும்தான் குறை. பணமாகத் தேவைப்பட்டால் மருந்துக்கடையிலோ பள்ளியிலோ நேராகக் கட்டிவிடுவோம். விவரம் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

"ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று கலாத்தியர் 6:2 சொல்கிறது, மூன்று வசனம் தள்ளி "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்கிறது, எதை எடுத்துக்கொள்வது என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. கிரேக்கத்தில் முதலில் வருவது பாரோஸ், அமுக்குகிற பெரும்பாரம். பிறகு வருவது ஃபோர்தியோன், ஒருவன் தூக்கிப்போக வேண்டிய அவனுடைய சுமை. பழைய மொழிபெயர்ப்பில் இரண்டுமே பாரம். எனக்கு இதைப் புரியவைத்தது பழைய பாதையோரத்து சுமைதாங்கிக் கல். சந்தைக்குச் சுமடு கொண்டுபோகிறவள் அதில் இறக்கிவைத்து மூச்சு வாங்குவாள். திரும்பத் தலையில் ஏற்ற இன்னொரு கை வேண்டும். நடப்பதும் சுமப்பதும் அவள்தான். நாங்கள் அந்தக் கல்லாகவும் அந்தக் கையாகவும் இருந்தால் போதும். ஒரு வீட்டின் மொத்தச் செலவையும் எடுத்துக்கொள்ள முயன்றால் குழுவும் தாங்காது, அந்த வீட்டாருக்கும் தலைநிமிர முடியாது.

சபைத் தேர்தல் பகையை என்ன செய்வது?

தேர்தல் அறிவித்த நாளிலிருந்து முடிவு வரும் வரை அந்தப் பேச்சே குழுவில் இல்லை. எங்கள் தெருவில் எதிரெதிராக நின்ற இருவர் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை, ஆனால் உட்கார்ந்தார்கள். அதற்குமேல் எதிர்பார்ப்பது பேராசை. "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்ற பேச்சு கொரிந்து சபையிலேயே இருந்தது.

சாதி?

தோள்சீலைக்காக, அதாவது பெண்கள் மேலாடை போடும் உரிமைக்காகப் போராடி 1859-இல் அதை வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஆனாலும் பெண் கொடுக்கும்போதும் ஓட்டுப் போடும்போதும் சாதி வந்து நிற்கிறது, ஆலயத்துக்கு உள்ளேயே நிற்கிறது. இதற்குக் குழுவில் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. கூட்டம் எல்லா வீடுகளிலும் முறை வைத்து நடக்கிறதா? எல்லா வீட்டிலும் எல்லாரும் வாய் நனைக்கிறார்களா? சில வீட்டுக்கு முறை வரும்போது மட்டும் சிலருக்குத் தலைவலி வந்தால், உங்கள் குழு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். எங்கள் தெருவிலும் முதல் வருடம் இரண்டு பேருக்குத் தலைவலி வந்தது. ஒருவருக்குச் சரியாயிற்று. மற்றவர் நின்றுவிட்டார், நாங்கள் கூப்பிடவும் இல்லை.

கடலோர ஊர்களுக்கு இது பொருந்துமா?

எங்களைவிட அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பங்குகளில் அன்பியம் என்ற பெயரில் வீட்டுக் குழுக்கள் பல வருடமாக நடக்கின்றன. ஆழ்கடலுக்குப் போன ஆண்கள் வாரக்கணக்கில் திரும்பாத ஊர்களில், பக்கத்து வீட்டுக்காரிதான் குடும்பம்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பக்கமிருந்து ஓடிவந்தவர்களுக்கு உள்நாட்டு ஊர்கள் கதவு திறந்தன. யாரும் எந்தச் சபை என்று கேட்கவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பெண்கள் கரையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். உள்நாட்டுக்காரர்களாகிய நாங்கள் அந்த வாரம் அரிசியும் துணியும் கொண்டுபோனோம். அடுத்த வருடம் அதே தேதியில் போனோமா என்றால், இல்லை. உடல்கூடக் கிடைக்காத வீட்டுக்கு அடக்கமும் இல்லை, கல்லறையும் இல்லை. அந்த வீட்டில் நான்காம் நாள் என்பது முடிவதே இல்லை. கடலோரத்துக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை, போய் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

ஐயரிடமோ பங்குத்தந்தையிடமோ அனுமதி கேட்க வேண்டுமா?

சொல்லிவிடுங்கள். ஒளித்துச் செய்வதுபோல இருக்கக் கூடாது. ஞாயிறு ஆராதனை நேரத்தில் வைக்காமல், காணிக்கை எடுக்காமல் இருந்தால் யாரும் குறுக்கே நிற்பதில்லை. ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு ஜெப வாரம், மார்ச் முதல் வெள்ளி உலக ஜெப நாள். இவற்றில் ஒன்றில் அவர்களையும் அழைத்தால் நல்லது. பேச்சு பத்து நிமிடம் என்று முன்கூட்டியே சொல்லிவிடவும்.

இளைஞர்கள் வருவதில்லையே?

வரமாட்டார்கள். பாட்டும் ஜெபமும் அவர்களுக்கு வேறு இடத்தில் இருக்கிறது. வேலை கொடுத்தால் வருவார்கள். கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸ் போகும் பையன்களிடம், தனியாக இருக்கும் ஆறு முதியவர்களின் பட்டியலைக் கொடுத்தோம். பிள்ளைகள் வளைகுடாவிலும் வெளிநாட்டிலும் இருக்கிற வீடுகள். மாத்திரை வாங்கிக்கொடுப்பது, வீடியோ கால் போட்டுக்கொடுப்பது, கேஸ் சிலிண்டர் மாற்றுவது. ஜெபக்கூட்டத்தில் கண்ணில் படாத பையன்கள் இதில் தவறுவதில்லை.

இந்து வீட்டார் தெருவில் இருந்தால்?

இருக்கிறார்கள், மூன்று வீடு. 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவ கலவரத்தைப் பார்த்த தலைமுறை நான். நம் ஒற்றுமை அடுத்த வீட்டாருக்கு எதிரான ஒற்றுமையாகத் திரிந்துவிடக் கூடாது என்பதில் எனக்குப் பயம் உண்டு. பிடி அரிசி அவர்களுக்கும் போகிறது. அதில் ஒரு வீட்டு அம்மா நாங்கள் கேட்காமலே தன் கலயத்திலும் ஒரு பிடி போட்டு வைக்கிறாள். அவளை நாங்கள் கூட்டத்துக்கு இழுப்பதில்லை.

கூட்டம் முடிந்து சாப்பிட ஏதாவது கொடுக்க வேண்டுமா?

கடுங்காப்பி மட்டும். இதைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு வீட்டில் ரசவடை வைத்தார்கள். அடுத்த வாரம் ஏத்தங்காய் பஜ்ஜி, அதற்கடுத்து கேக். ஐந்தாம் வாரம் முறை வரவேண்டியது, அந்தக் குழிகளை மூடிக்கொண்டிருந்தாளே, அவள் வீட்டுக்கு. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பினாள். போய்ப் பார்த்தால் உடம்புக்கு ஒன்றுமில்லை, வாங்கப் பணம்தான் இல்லை. அன்றைக்கே கடுங்காப்பி என்று முடிவாயிற்று. பிள்ளைகளுக்கு வேண்டுமானால் சீனி கொஞ்சம் கூடப் போடலாம்.